ஓட்டை போட்ட கிராஃபீன்

காரைக்குடிக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு குறையும் இல்லாத கிராஃபீன் செய்வது. இரண்டு வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். அதற்கப்புறம் கிடைத்த வேலை, அப்படிப் பாடுபட்டுச் செய்த கிராஃபீனில் ஓட்டை போடுவது. ஒக்கூரில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"செஞ்சதும் நீதான், இப்பக் கெடுக்கிறதும் நீதானாத்தா?"

"கெடுக்கலப்பா. அளவாக் கெடுக்கிறோம்."

"அளவாக் கெடுக்கிறதுக்கா இத்தன வருசப் படிப்பு?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அப்பா கேட்டது சரியான கேள்வி. எங்கள் வேலையின் கஷ்டமே அந்த 'அளவாக' என்ற சொல்லில்தான் இருந்தது.

பென்சிலின் கரி அடுக்கடுக்காக ஆனது. அதில் ஒரே ஒரு அடுக்கை மட்டும் தனியாக எடுத்தால் அதுதான் கிராஃபீன். கரி அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப் போல ஆறாறாகக் கைகோத்து நிற்கும் ஒரு தாள். கனம் ஓர் அணுதான். நாங்கள் அதைப் பென்சிலிலிருந்து உரிக்கவில்லை. நீண்ட கண்ணாடிக் குழாய் போன்ற உலைக்குள் செப்புத் தகட்டை வைத்து, மீத்தேன் வாயுவை ஓடவிட்டு, தகட்டின் மேல் படிய வைத்தோம். பிறகு செம்பைக் கரைத்துவிட்டு, மிச்சமாக மிதக்கும் தாளைச் சிலிக்கான் சில்லு ஒன்றின் மேல் ஏந்திக்கொள்ள வேண்டும். தண்ணீரில் அது மிதப்பது கண்ணுக்கே தெரியாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஓரம் மட்டும் மினுங்கும். நன்றாக அமைந்த தாளை ஏந்தியெடுக்கும்போது மூச்சு விடவே பயமாக இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த தோழி மானகிரிப் பெண். என்னைவிட ஒரு வருடம் இளையவள். அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவாள். கருவியைத் திறந்து பார்க்காமல் அவளால் நம்ப முடியாது. ஓட்டை போடும் எங்கள் பிளாஸ்மா அறையை முக்கால்வாசி அவள்தான் கட்டினாள். வேறொரு துறையில் ஒதுக்கிப் போட்டிருந்த வெற்றிடப் பாத்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, ஆர்கான் வாயுவுக்கு ஒரு குழாய் இழுத்து, வேலை செய்ய வைத்துவிட்டாள். மின்சாரம் கொடுத்ததும் அதன் சின்னக் கண்ணாடிச் சன்னலுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஓர் ஒளி எழும்பும். ஆர்கான் அணுக்கள் மின்னேற்றத்தோடு பாய்ந்து வந்து கிராஃபீனில் மோதும். மோதிய இடத்தில் ஒரு கரி அணு காணாமல் போகும். எங்கள் ஓட்டை என்பது அதுதான்.

எதற்கு ஓட்டை என்று கேட்காதவர்கள் கிடையாது. மின்சாரம் என்பது எலக்ட்ரான்களின் ஓட்டம். நல்ல கிராஃபீனில் அவை தடையே தெரியாமல் ஓடும். ஆனால் அந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது. செல்போனுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான சுவிட்சுகளில் ஒவ்வொன்றும் ஓட விடவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். கிராஃபீன் குறைக்கும், கூட்டும், நிறுத்தாது. இதை அப்பாவிடம் ஒரு முறை விளக்கினேன். கண்மாய்ப் பாசனத்திலேயே வாழ்ந்தவர். "மடையில்லாத வாய்க்காங்கிற" என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அணு காணாமல் போன இடங்கள், திறந்து மூடும் அந்த மடையாகுமா என்பதுதான் எங்கள் கேள்வி. எலக்ட்ரான் ஓட்டைக்குள் தடுக்கி விழுவதில்லை. அது அலைபோலப் பரவுவது. அணு இல்லாத இடத்தில் பட்டுச் சிதறுகிறது. அப்படிச் சிதறும் இடங்கள் போதுமான அளவு நெருக்கமாக இருந்தால், சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து, எலக்ட்ரான் ஒரே வட்டாரத்துக்குள் அடைபட்டுவிடும். ஓட்டைகள் குறைவாக இருந்தால் ஒன்றும் நடக்காது, அது தன்பாட்டுக்கு ஓடும். அதிகமாகிவிட்டால் தாள் வெறும் கரித்தூள், எதைக் கொடுத்தாலும் ஓடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்க வேண்டும். நாம் மூடச் சொன்னால் மூட வேண்டும், திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். வெளியூர்களில் பெரிய கருவிகளை வைத்துச் சிலர் அதைப் பார்த்திருந்தார்கள். எங்களிடம் இருந்த கத்தரிப்பூ ஒளியால் அது முடியுமா என்று யாருக்கும் தெரியாது.

மாதக்கணக்கில் தோற்றோம். ஒரு நாள் ஒளி கொஞ்சம் கூடிவிடும், தாள் செத்துவிடும். மறுநாள் பயந்துபோய்க் குறைப்போம், தாளுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஓட்டை விழுந்ததா என்று பார்க்கப் பச்சை லேசர் ஒளியை அதன்மேல் விழவிட்டு, திரும்பி வரும் ஒளியை அலசுவோம். குறையில்லாத தாளில் திரையின் ஒரு குறிப்பிட்ட இடம் சமவெளியாக இருக்கும். அணுக்கள் விடுபட்டிருந்தால் அங்கே ஒரு மேடு எழும்பும். முதல் இரண்டு வருடம் அந்த மேடு தெரிந்தால் தாளைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இப்போது அதே மேடு எழும்பினால் இரண்டு பேரும் கைதட்டிக்கொள்வோம். பக்கத்து அறையில் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சில்லில் மேடு நாங்கள் வேண்டிய உயரத்துக்கு வந்து நின்றது. அந்தச் சில்லில் இரண்டு கிராஃபீன் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை முழுக்க மூடி வைத்திருந்தோம். மற்றொன்றின் நடுவில் மட்டும் ஒரு சின்னச் சன்னல் திறந்து, அந்த இடத்தில் மட்டும் ஆர்கானைப் பாயவிட்டிருந்தோம். தங்கக் கம்பிகள் இணைத்து அறை வெப்பத்தில் மின்னோட்டத்தை அளந்தோம். அடியிலிருக்கும் சிலிக்கானுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் பட்டையில் இருக்கும் எலக்ட்ரான்களைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அதற்கு 'கேட்' என்று பெயர். கேட்டின் குமிழைத் திருகத் திருக, ஓட்டை போட்ட பட்டையில் ஓட்டம் இதுவரை பார்க்காத அளவுக்கு ஏறி இறங்கியது.

"அக்கா, இது அதுதானா?" என்றாள் அவள்.

"குளுர வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அதுதான் உண்மை. எலக்ட்ரான்கள் ஓட்டைகளால்தான் அடைபடுகின்றன என்றால், வெப்பத்தைக் குறைக்கக் குறைக்க அவை இன்னும் இறுக்கமாக அடைபட வேண்டும். அறை வெப்பத்தில் வெப்பமே அவற்றைத் தள்ளித் தள்ளி ஓட வைத்துவிடும். திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிர வைத்தால் தெரிந்துவிடும். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. ஆனால் எங்கள் வளாகத்தில் திரவ நைட்ரஜன் தயாரிக்கும் எந்திரம் அந்த வாரம்தான் பழுதாகி, அக்கக்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. மதுரையிலிருந்து கொண்டுவந்து தருபவர் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார். சென்னையில் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்த எங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் போனில் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை பார்க்கலாமே. சில்லு எங்கே போகப் போகுது?"

சில்லு எங்கேயும் போகாதுதான். ஆனால் இதற்கு முன்னால் ஓரளவு நன்றாக வந்த பட்டைகள் எல்லாம் நாள் ஆக ஆக மாறிப் போயிருந்தன. அணு விடுபட்ட இடம் பசித்த வாய்போல. காற்றில் இருக்கும் ஈரமோ ஆக்சிஜனோ எதுவாவது வந்து ஒட்டிக்கொள்ளும். வெற்றிடப் பெட்டிக்குள் வைத்தாலும் எங்கள் பெட்டி அப்படி ஒன்றும் இறுக்கமானதில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தப் பட்டை அதே பட்டையாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை அப்பா போன் செய்தார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். செவலைப் பசு பருவத்துக்கு வந்திருந்தது, சினை ஊசி போட டாக்டர் வந்திருக்கிறார், இந்தத் தடவை கிடேரியாகப் பிறக்கும்படி ஊசி இருக்கிறதாம். எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கேனத் தொறந்தா ஐஸ் பொட்டி மாதிரி பொக வருதுத்தா. உங்கம்மா பயந்து அங்குட்டுப் போயி நிக்கிறா."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அப்பா, டாக்டர்ட்ட போனக் குடுங்க."

"ஏந்தாயி, ஊசி போட்டுக்கிட்டு இருக்காரு."

"போட்டு முடிச்சதும் குடுங்க. வைக்காதீக, நான் லைன்லயே இருக்கேன்."

காளை விந்தை உறைய வைத்துப் பாதுகாப்பது திரவ நைட்ரஜனில்தான். இது எனக்குத் தெரியாததில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் கேனைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கையாளும் பொருளும் தொழுவத்தில் புகையும் பொருளும் ஒன்றுதான் என்று அந்த நிமிடம் வரைக்கும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் திருக்கோஷ்டியூரில் தனியாகக் கால்நடை மருத்துவம் பார்ப்பவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். போனில் மெதுவாக, யோசித்து யோசித்துப் பேசினார். முந்தின நாள்தான் நைட்ரஜன் வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போனது என்றார். விந்துக் குழல்கள் இருக்கும் கேனைத் தொட முடியாது, ஆனால் கூடுதலாக நிரப்பி வைத்த பெரிய கேன் ஒன்று இருக்கிறது.

"எதுக்கு வேணும்?"

"ஒரு கரித்தாளக் குளுர வைக்கணும் சார்."

"வந்து சொல்லுங்க. வெளங்கலைன்னா குடுக்க மாட்டேன்" என்றார்.

தோழியிடம் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, வேலையைப் பிரித்தாள். நான் போய்க் கொண்டுவர வேண்டும். அவள் சில்லை நீண்ட ஸ்டீல் குழாயின் நுனியில் பொருத்தி, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, எல்லாக் கம்பிகளையும் ஒருதரம் சரிபார்த்துத் தயாராக வைத்திருப்பாள். அந்தக் குழாயைத்தான் நைட்ரஜனில் இறக்க வேண்டும். நான் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

திருக்கோஷ்டியூரில் தெப்பத் திருவிழாக் கூட்டம். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அகல் விளக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்களோடு சேர்ந்து நானும் நடந்தேன். அப்பா ஒக்கூரிலிருந்து ஜீப்பில் எனக்கு முன்னாலேயே வந்து, டாக்டர் வீட்டு வாசலில் அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள், ஓட்டை, எலக்ட்ரான், அடைபடுவது, சுவிட்சு. பாதியில் அப்பா புகுந்து, "மடை கட்டுறாக டாக்டர், அம்புட்டுதான்" என்றார்.

டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்னைக்கே தெரிஞ்சுருமா?"

"கொண்டுபோய்ச் சேத்தா இன்னைக்கே தெரிஞ்சுரும்."

"அப்ப நானும் வாரேன்" என்றார். கேனை மூடின வண்டியில் ஏற்றக் கூடாது, அதிலிருந்து வரும் வாயு அடைத்துக்கொண்டால் மூச்சுக்குக் காற்று இருக்காது என்று அப்பாவுக்கு எடுத்துச் சொன்னார். அப்பாவின் ஜீப்புக்குக் கதவே கிடையாது. மேலே ஒரு தார்ப்பாய் மட்டும்தான், அதையும் கழற்றினோம். கேனைப் பின்னால் நிறுத்தி, வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டி, டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முன்னால்.

ஊரை விட்டு வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கூட்டத்துக்குள் ஜீப் ஊர்ந்தது. குலுங்கும்போதெல்லாம் கேனின் கழுத்திலிருந்து வெள்ளையாகப் புகை வழிந்து ஜீப்பின் பின்புறம் இறங்கியது. சனங்கள் விலகி விலகி நின்று பார்த்தார்கள். பின்னால் நடந்து வந்த ஓர் அம்மாள் டாக்டரிடம் கேட்டார்.

"சாமிக்குச் சாம்பிராணியா தம்பி?"

"இல்லம்மா. மாட்டுக்கு."

"மாட்டுக்கா?"

"இன்னைக்கு மட்டும் காலேசுப் பிள்ளைகளுக்கு" என்றார் டாக்டர். அந்த அம்மாள் குழம்பிப்போய் நின்றுவிட்டார்.

தெருமுக்கில் நின்ற போலீஸ்காரர் ஜீப்பை ஓரங்கட்டச் சொன்னார். புகையைக் காட்டி என்ன என்றார். டாக்டர் இறங்கி விளக்கினார். கேனின் தக்கையைத் தூக்கிக் காட்டியதும் போலீஸ்காரர் ஒரு எட்டுப் பின்வாங்கி, எங்களுக்காகவே கூட்டத்தை விலக்கி வழிவிட்டார். சீக்கிரம் போகச் சொன்னார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

திருப்பத்தூரைத் தாண்டும்போது தோழி போன் செய்தாள். குரல் தணிந்திருந்தது. "அக்கா, காத்த உறிஞ்ச ஆரம்பிச்சதுலருந்து கரண்டு மெல்ல மெல்ல மாறுது. எங்க வரைக்கும் வந்திருக்கீக?"

"திருப்பத்தூரு. கூடுதா, குறையுதா?"

"குறையுது. நான் எதையும் தொடல."

பட்டை கெட ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்து, அப்பாவிடம் வேகமாகப் போகச் சொன்னேன். அவர் எப்போதும் போகும் வேகத்திலேயே போனார். அதற்கு மேல் அந்த ஜீப் போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வழி நெடுகக் காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் சனிக்கிழமை மதியம் வேறு யாரும் இல்லை. காவலரிடம் சொல்லி, பதிவு போட்டு, கேனை உள்ளே கொண்டுவந்தோம். சன்னல்களை எல்லாம் திறந்தோம். டாக்டர் தன் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, எங்கள் குடுவையில் நைட்ரஜனை ஊற்றினார். முதலில் சீறிக் கொதித்தது. குடுவை குளிர்ந்ததும் அடங்கி, தண்ணீர்போல் தெளிந்து நின்றது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். எதையும் தொடக் கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்போல.

தோழி குழாயை அங்குலம் அங்குலமாக இறக்கினாள். நான் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் மூடி வைத்த நல்ல பட்டை. குளிர்ந்தபோது அதில் ஓட்டம் கொஞ்சம் கூடியது. எதிர்பார்த்ததுதான். பிறகு ஓட்டை போட்ட பட்டைக்கு மாற்றினேன். கோடு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது, இன்னும் இறங்கியது, நான் வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு கோடு திரையின் அடியைத் தொட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட்டது. அசைவே இல்லை.

"ஜீரோ" என்றேன்.

தோழி குழாயைப் பிடித்தபடியே திரும்பினாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. குளிரில் உலோகம் சுருங்கும். தலைமுடியைவிட மெல்லிய அந்தத் தங்கக் கம்பி சுருங்கி அறுந்திருந்தாலும் திரையில் தெரிவது இதே பூச்சியம்தான். எத்தனையோ தடவை அப்படி அறுந்திருக்கிறது.

"கம்பி போயிருச்சாக்கா?"

"தெரியல."

"வெளிய எடுத்துப் பாக்கவா?"

"இரு. கேட்டப் போட்டுப் பாப்போம். கம்பி அறுந்திருந்தா எதப் போட்டாலும் ஓடாதுல்ல."

அடியிலிருக்கும் சிலிக்கானுக்கு மின்னழுத்தம் கொடுக்க ஆரம்பித்தேன். ஒன்றும் இல்லை. கூட்டினேன். ஒன்றும் இல்லை. அப்பா எதற்கோ தொண்டையைச் செருமினார். இன்னும் கூட்டினேன். திரையின் அடியில் படுத்துக் கிடந்த கோட்டின் வலது நுனி லேசாகத் தலையைத் தூக்கியது. நடுக்கமோ என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கோடு எழுந்தது. எழுந்து வளைந்து மேலே மேலே போயிற்று. தோழி குழாயைத் தாங்கியில் மாட்டிவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"திருப்புக்கா. அந்தப் பக்கம் திருப்பு."

எதிர்த் திசையில் திருப்பினேன். கோடு வந்த வழியே இறங்கி, அடியில் படுத்து, நடுவில் நீளமாக ஒரு தட்டைத் தரையாக ஓடி, பிறகு இடது பக்கத்திலும் எழுந்தது. குளத்தின் இரண்டு கரையும் நடுவில் குளமும்போல. முன்னால் போனேன், பின்னால் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது, அதே இடத்தில் ஓடியது. கம்பி அறுபடவில்லை. நாங்கள் நிறுத்தினோம், நின்றது. விட்டோம், ஓடியது.

தோழி என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதன் வலி அடுத்த நாளும் இருந்தது.

"மடை மூடிக்கிருச்சா?" என்றார் அப்பா சுவரோரத்திலிருந்து.

"மூடுது, தொறக்குது. ரெண்டும் நடக்குதுப்பா. இங்குட்டு வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். டாக்டரும் வந்தார். நான் குமிழைத் திருகினேன், அவர்கள் கோட்டைப் பார்த்தார்கள். "இத நான் திருகலாமா?" என்று டாக்டர் கேட்டார். தோழி நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டினாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, பசுவுக்கு ஊசி போடும் அதே நிதானத்தோடு, குமிழை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருகினார். கோடு படுத்து, எழுந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

வழிகாட்டிக்குப் போன் செய்தேன். நான் கட்டுக்கடங்காமல் பேசியிருக்க வேண்டும். அவர் கேட்டதெல்லாம், "கேட்டிலிருந்து கசிவு இருக்கா பார்த்தீங்களா?" என்பதுதான். அடியில் கொடுக்கும் மின்சாரமே மேலே கசிந்து வந்திருந்தால், நாங்கள் பார்த்தது பொய்யாகிவிடும். அதை அளக்கும் கருவியின் திரையை நாங்கள் பார்க்கவே இல்லை. தோழி ஓடிப்போய்ப் பார்த்தாள். மறுபடி ஒருதரம் முழுக்க ஓட்டினோம். கசிவு இல்லை. கருவி காட்டியது அதில் எப்போதும் இருக்கும் சின்ன நடுக்கத்தை மட்டும்தான்.

"இல்ல சார்."

"வெப்பப்படுத்தினா திரும்பி வருதா?"

குழாயை மேலே தூக்கினோம். சில்லு சூடேறச் சூடேற நடுவிலிருந்த தட்டைத் தரை சுருங்கி, மேலெழும்பி, வெள்ளிக்கிழமை பார்த்த உருவத்துக்குத் திரும்பியது. மறுபடி இறக்கினோம். மறுபடி தரை விரிந்தது. வெப்பம் தள்ளினால் ஓடுகிறது, வெப்பத்தை எடுத்துவிட்டால் அடைபடுகிறது. ஓட்டைகள்தான் செய்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

"நான் இன்னைக்கே பஸ் ஏறுறேன்" என்றார் வழிகாட்டி.

பிறகுதான் யாருமே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தோழி தூக்கில் இருந்த சாப்பாட்டைப் பிரித்தாள். நான்கு பேருக்கு அது போதாது. அப்பா போய்ப் பரோட்டா வாங்கிவந்தார். ஆய்வுக்கூடத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் வராந்தாவில் நின்றபடி சாப்பிட்டோம். தோழி அப்பாவுக்குக் குருமா ஊற்றியபடி, ஓட்டையின் நெருக்கத்தை மாற்றினால் மூடும் இடமும் மாறும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா, "அப்ப நீங்க வேணுங்கிற எடத்துல மடை வைக்கலாம்" என்றார். "ஆமாப்பா, அதத்தான் அடுத்துப் பாக்கணும்" என்றாள் அவள். டாக்டருக்குப் போன் வந்தது. மாடு ஒன்று கன்று போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அப்பாவின் ஜீப்பிலேயே கிளம்பிவிட்டார். கேனில் மிச்சமிருந்த நைட்ரஜனை எங்களிடமே விட்டுவிட்டு, காலிக் கேனைத் திங்கள்கிழமை அப்பாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னார்.

அந்த மிச்சத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. வழிகாட்டி வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு வந்தார். அவர் கண் முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து காட்டினோம். தோழி பூசையிலிருந்து வந்த புடவையோடேயே நின்று குழாயை இறக்கினாள். கோடு படுத்தது. நடுவில் தரை விரிந்தது. இரண்டு பக்கமும் எழுந்தது. வழிகாட்டி தானே குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். கசிவைப் பார்த்தார். கம்பிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தார். நாங்கள் தப்பு செய்திருக்கக்கூடிய எல்லா வழியையும் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தார். முடிவில் எழுந்து சன்னலோரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னும் எத்தனை சில்லு இருக்கு?"

அதற்கப்புறம் வந்த மாதங்கள் மாதிரி வேலை நான் செய்ததில்லை. சில பட்டைகள் செத்தன, சிலவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பலவற்றில் நாங்கள் சொன்னபடி நடந்தது. கத்தரிப்பூ ஒளி எவ்வளவு நேரம் பட வேண்டும் என்பதை மாற்றி, நடுவிலிருக்கும் தட்டைத் தரையை அகலமாக்கவும் குறுக்கவும் பழகினோம். ஓட்டை போட்டதும் மேலே மெல்லிய ஒரு கவசப் படலம் படிய வைத்தால் காற்று ஒட்டுவதில்லை என்பது தோழியின் கண்டுபிடிப்பு. அதன் பிறகு பட்டைகள் வாரக்கணக்கில் அப்படியே இருந்தன. செவலைப் பசு சினை பிடித்தது. கிடேரிக் கன்று போட்டது. அதை எனக்குச் சொல்ல டாக்டரே போன் செய்தார். சொல்லிவிட்டு, "அறை வெப்பத்துலயே நிக்க வைக்க முடியாதா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம் சார்."

பேசிக்கொண்டிருக்கும்போதே தோழி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் புதுச் சில்லு. இந்த முறை ஓட்டைகளை நடுவில் ஒரே திட்டாகப் போடவில்லை. பட்டையின் குறுக்கே சாய்வாக, ஒரு வரிசையாக வர வைத்திருந்தாள். நேராக ஓடிவரும் எலக்ட்ரான்கள் அந்த வரிசையில் பட்டால் ஒரு பக்கமாகத் திரும்பிப் போகுமா என்று பார்க்க வேண்டும். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, டாக்டரிடம் பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் கையுறையைத் தேடினேன்.